விளக்கெண்ணெய் வாசனை

விளக்கெண்ணெய் என்றால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றும் கண்டம். எனக்கு மட்டும் அது ரேஸ் வாசனை. இன்றைக்கும் எங்காவது அந்த எண்ணெய் காய்கிற நெடி வந்தால் வயிறு கலங்குவதில்லை, காதுதான் நிமிர்கிறது.

காரணம் என் சித்தப்பா. புதுப்பேட்டையில் ஹாரிஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்தார். ஒரு பழைய லேத், ஒரு வைஸ், எண்ணெய்ப் பிசுக்கில் முகம் மறைந்துபோன ஒரு முருகன் படம், அவ்வளவுதான். வருடத்தில் பதினோரு மாதம் ஸ்கூட்டருக்கு ரிங் மாற்றுவார், புல்லட்டுக்கு போர் போட அனுப்புவார். மார்கழி பிறந்துவிட்டால் பட்டறைக்கு வேறு முகம் வந்துவிடும். அதுவரை நான் பார்த்திராத ஆட்கள் கார்களில் வந்து இறங்குவார்கள். பெட்ரோலில் வழக்கமான டூ-டி ஆயில் போய் விளக்கெண்ணெய் சேரும். அதிக வேகத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளாமல் காப்பாற்றுவதில் அதற்கு நிகர் இல்லை என்பார் சித்தப்பா. ரேஸ் முடிந்து அதைச் சுரண்டி எடுப்பது நரக வேலை. பிசின் மாதிரி எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சுரண்டும் வேலை என்னுடையது.

1979-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. பொங்கல் கழிந்து சில வாரங்களில் சோழவரம் ரேஸ். நுங்கம்பாக்கத்துக்காரர் ஒருவரின் யெஸ்டி வண்டி ஒரு மாதமாகப் பட்டறையில் பிரித்துக் கிடந்தது. சித்தப்பா அதன் சிலிண்டரைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, எலிவால் அரத்தால் எக்ஸாஸ்ட் போர்ட்டை அரை மில்லி, கால் மில்லி என்று ராவிக்கொண்டே இருப்பார். ராவுவார், விரலை உள்ளே விட்டுத் தடவுவார், மறுபடி ராவுவார். ஹெட்டை லேத்தில் ஏற்றி ஒரு சீவு சீவுவார். சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, தகரத்தில் வயிறு பெருத்த பாம்பு மாதிரி ஒன்றைப் பக்கத்துக் கடை டிங்கர்காரரை வைத்து அடித்து மாட்டுவார். அளவெல்லாம் எங்கே எழுதிவைத்திருக்கிறார் என்று தேடிப் பார்த்திருக்கிறேன். எங்கும் இல்லை. ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காபித்தூள் நிறத்தில் இருந்தால் வண்டி தயார்.

"இன்னாடா வேடிக்க பாத்துகினு நிக்கிற? பத்துக்குப் பதினொண்ணு ஸ்பேனர எடு."

அந்த வருஷம்தான் என்னையும் மெடடோர் வேனில் ஏற்றிக்கொண்டார். ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே, செங்குன்றம் தாண்டி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போட்ட ஓடுபாதை அது. போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, பாதை மட்டும் வெயிலில் கிடந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியபோது இந்த நாட்டில் ரேஸுக்கென்று போட்ட தடம் ஒன்றுகூட இல்லை. கைவிட்ட விமானத் தளம்தான் கதி. கல்கத்தாக்காரர்களுக்கு பாரக்பூர், பம்பாய்க்காரர்களுக்கு ஜுஹு, நமக்குச் சோழவரம். வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரிகளும் வண்டிப் பித்துப் பிடித்த நம்மூர் வசதிக்காரர்களும் சேர்ந்து வளர்த்த கிளப். தொடங்கி கால் நூற்றாண்டு கழித்து நான் போய் இறங்கியபோதும் ஒலிபெருக்கி இங்கிலீஷில்தான் பேசியது. ஆனால் கேட்டுக்கொண்டு நின்ற ஜனம் பொன்னேரியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வந்த ஜனம். பஸ்ஸிலும் லாரியிலும் மாட்டு வண்டியிலும் வந்து, ஓடுபாதை ஓரம் ஒரு கயிற்றுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். வேர்க்கடலை, கரும்புச்சாறு, நுங்கு இல்லாத பருவமென்பதால் மோர். குழந்தைகளைத் தோளில் ஏற்றியிருந்தார்கள். தேர்த் திருவிழாவுக்கு வந்த மாதிரிதான்.

கயிறு என்றால் வெறும் தேங்காய்நார்க் கயிறு. திருப்பங்களில் எண்ணெய் டிரம்களும் வைக்கோல் கட்டுகளும். இப்போது நினைத்தால் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. நேர்ப்பாதையின் கோடியில் ஒரு புள்ளி தெரியும். கானலில் அது நெளியும். சத்தம் பிறகுதான் வரும். வண்டி தாண்டிப் போனபின் காற்று வந்து முகத்தில் அறையும், அதன் பின்னாலேயே விளக்கெண்ணெய்.

எங்கள் யெஸ்டி மூன்றாவதாக வந்தது. நுங்கம்பாக்கத்துக்காரர் கோப்பையை உயர்த்திப் பிடித்தார், போட்டோ எடுத்தார்கள். மதியம் அவருடைய நண்பர்கள் ஷாமியானாவுக்குள் பிரியாணி சாப்பிட்டபோது சித்தப்பா வேனின் நிழலில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிவந்த புளிசாதத்தில் எனக்குப் பாதி பிரித்துக் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் பிளக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வெளுப்பு. ஜெட் ஒரு நம்பர் ஏத்திருந்தா ரெண்டாவது வந்திருப்பான்."

அதற்கப்புறம் ஒரு வருஷமும் தவறவிடவில்லை. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கார் கொண்டுவருவது குதிரைக்கொம்பு. அதனால் சோழவரத்தில் ஓடியவற்றில் பெரும்பாலானவை தெருவில் ஓடிய வண்டிகள்தான். ஃபியட், அம்பாசிடர், மெட்ராஸிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பின்னால் பெங்களூரிலிருந்து சிப்பானி டால்ஃபின் வந்தது. ஃபைபர் உடம்பு, எடையே இல்லை. பார்க்கச் சோப்பு டப்பா மாதிரி இருந்துகொண்டு பெரிய வண்டிகளைத் துரத்தும். டிவிஎஸ் 50 மொபெட்டுக்குக்கூடப் போட்டி உண்டு. மீசை வைத்த ஆண்பிள்ளைகள் முழங்கால் காதைத் தொடும்படி மடங்கி உட்கார்ந்து அதை விரட்டுவதைப் பார்த்து ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். சித்தப்பா மட்டும் சிரிக்க மாட்டார். ஐம்பது சி.சி.யிலிருந்து ஒரு குதிரைச் சக்தி கூடுதலாகப் பிடுங்குவது எத்தனை பாடு என்று அவருக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு என்சைன் பார்முலா ஒன் காரைச் சோழவரத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினார். ஃபியட்டும் ஹெரால்டும் இரைந்த இடத்தில் அந்த எஞ்சினின் அலறலைக் கேட்டதும் கயிற்றருகே நின்ற ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கூட்டத்தில் போட்டி என்று சொல்ல அந்தக் காருக்கு யாரும் இல்லை. ஐயனார் குதிரையைக் கழுதைகளோடு ஓடவிட்ட மாதிரி. ஆனாலும் அடுத்த வருஷமும் அதைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது, நானும்தான்.

1986-ல், கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகும் வழி ஒன்று கிடைத்தது. ரேஸ் நடத்த ஆள் வேண்டும். கொடி காட்ட, விழுந்தவனைத் தூக்க, தீ அணைக்க. சம்பளம் கிடையாது. மார்ஷல் என்று பெயர். கல்லூரியில் கூடப் படித்த ஒருவன் இழுத்துப்போனான். ஒரு தொப்பி, கையில் ஒரு பட்டை, மதியத்துக்கு எலுமிச்சைசாதப் பொட்டலம். எனக்கு அதுவே ராஜ மரியாதை.

முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்: வண்டிக்கு முதுகைக் காட்டாதே. ஒரு போஸ்ட்டில் இரண்டு பேர் என்றால் ஒருவன் வருகிற வண்டியைப் பார்க்க வேண்டும், மற்றவன் போகிற பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்னால் ஆபத்து என்றால் மஞ்சள். அதை அசையாமல் பிடிப்பது ஒரு செய்தி, ஆட்டினால் வேறு செய்தி. பின்னால் வேகமான வண்டி வருகிறது என்றால் நீலம். தடத்தில் எண்ணெய் கொட்டியிருந்தால் மஞ்சளும் சிவப்பும் வரிவரியாக. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உன் வண்டியில் ஏதோ கோளாறு, உள்ளே வா என்று அர்த்தம். ஓட்டுகிறவனுக்கு ஒலிபெருக்கி கேட்காது, கூட்டம் தெரியாது. அவனுக்கும் உலகத்துக்கும் இடையே இருப்பது நம் கையிலுள்ள அந்தத் துணி ஒன்றுதான். டெலிபோன் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தபிறகும் வருஷத்துக்கு நான்கைந்து வார இறுதிகளை அந்தத் துணிக்குக் கொடுத்தேன். வீட்டில் என்ன பாட்டு வாங்கினேன் என்பதை எழுதினால் கட்டுரை திசைமாறிவிடும்.

மார்ஷலானதும் நான் இழந்தது ஒன்று உண்டு. ரேஸைப் பார்ப்பது. நம் திருப்பத்தில் நடக்கிற நூறு கஜம்தான் நமக்கு. யார் ஜெயித்தார்கள் என்று சாயங்காலம் சித்தப்பாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

சோழவரம் கிளப்பின் சொந்த நிலமல்ல. ராணுவத்தின் இடம். கேட்டு வாங்கி ஓட்டியது. மேலும், இரண்டு சக்கரமும் நான்கு சக்கரமும் வருஷத்துக்கு வருஷம் வேகம் கூடிக்கொண்டே போக, ஒரு நார்க்கயிறும் வைக்கோல் கட்டும் அதற்கு எத்தனை நாளைக்குத் தாங்கும்? எண்பதுகளில் கிளப் சொந்தமாக நிலம் வாங்கித் தடம் போடுகிறது என்று பேச்சு அடிபட்டபோது பாதிப்பேர் நம்பவில்லை. நானும் நம்பாதவர்களில் ஒருவன். 1990-ல் பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், இருங்காட்டுக்கோட்டையில் அது திறந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு திருப்பங்கள். விமானத்துக்காக அல்லாமல் ரேஸுக்காகவே இந்தியாவில் போட்ட தடம். அதுவும் அரசாங்கம் போட்டதல்ல, ஒரு கிளப் போட்டது. இதை நம் ஊர் இன்னும் சரியாகக் கொண்டாடவில்லை என்பது என் எண்ணம்.

முதல்முறை அங்கே போனபோது சுற்றிலும் பொட்டல், வேலிக்காத்தான், ஏரிக்கரையில் வரிசையாகப் பனை. எதிரே ஹூண்டாய் தொழிற்சாலை வர இன்னும் எட்டு வருஷம் இருந்தது. சித்தப்பா தடத்தில் இறங்கி, குனிந்து, தாரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். சிலிண்டருக்குள் விரல் விட்டுத் தடவுகிற அதே தடவல். "மாவு மாதிரி கீதுடா" என்றார்.

தடம் வந்தது. ஜனம் வரவில்லை. சோழவரத்துக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை. தூரம் ஒரு காரணம். வருஷத்துக்கு ஒரு திருவிழாவாக இருந்தது வருஷம் முழுக்க நடக்கிற பல சுற்றுகளாக மாறியது இன்னொரு காரணம். தேர் தினமும் ஓடினால் யார் வடம் பிடிப்பார்கள்? கயிறு போய் இரும்பு வேலியும் டயர் சுவரும் அகலமான மண் ஓரமும் வந்தன. விழுந்தவன் எழுந்து நடந்து போனான். அது பெரிய விஷயம். ஆனாலும் இந்தத் தடத்திலும் உயிர்கள் போயிருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

தடம் மாறியதோடு வண்டியும் மாறியது. கோயம்புத்தூர்க்காரர் கரிவர்தன் அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஒரு வேலை செய்திருந்தார். மாருதி 800-ன் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, குழாய்ச் சட்டத்தின் பின்பக்கம் பொருத்தி, ஃபைபர் உடம்பு மாட்டி, ஒற்றை இருக்கை ரேஸ் காராக்கிவிட்டார். பார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சட்டம். பணமூட்டை வைத்திருப்பவன் வெளிநாட்டுக் கார் கொண்டுவந்து ஜெயிப்பது அதோடு முடிந்தது. கால் நன்றாக அழுத்துகிறவன் ஜெயிப்பான் என்ற நிலை வந்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தபோது நாற்பத்தொரு வயது. செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

அந்த பார்முலா மாருதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு பதின்வயதுப் பையன் வந்தான். தென்னிந்திய ரேலியை ஏழு தடவை ஜெயித்த ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன். முதல் போட்டியிலேயே மேடை ஏறினான். நான் என் திருப்பத்தில் நின்றவன், மேடையைப் பார்க்கவில்லை. பின்னாளில் நரேன் கார்த்திகேயன் பெரிய ஆளானபோது "எங்க கையிலதான் மஞ்சக் கொடி வாங்கினான்" என்று ஆபீசில் பெருமை அடித்துக்கொண்டேன். வாங்கினானா என்பது எனக்கே நிச்சயமில்லை.

2005-ல் ஜோர்டான் அணிக்காக அவர் பார்முலா ஒன் ஓட்டியபோது பட்டறையில் டிவி வைத்துப் பார்த்தோம். ஜூனில் இண்டியானாபொலிஸ் போட்டியில் டயர் தகராறில் பதினான்கு வண்டிகள் ஒதுங்கிக்கொள்ள, ஆறே வண்டிகள் ஓடி, நரேன் நான்காவதாக வந்தார். இந்தியன் ஒருவனுக்கு முதல் பார்முலா ஒன் புள்ளிகள். சந்தில் ஒருவன் பத்தாயிரம் வாலா கொளுத்தினான். சித்தப்பா, "ஆறு வண்டிதானேடா ஓடிச்சு" என்றார். பிறகு, "இருந்தாலும் கடைசி வரைக்கும் ஓட்டி முடிச்சான் இல்ல" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

கூட்டம் என்று நான் இருங்காட்டுக்கோட்டையில் பார்த்தது 2000-களின் தொடக்கத்தில் அஜித் குமார் பார்முலா மாருதி ஓட்டவந்த நாட்களில். சோழவரம் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். என் போஸ்ட்டுக்குப் பின்னால் வேலியில் தொற்றிக்கொண்டிருந்த ரசிகர் ஒருவர் உற்சாகத்தில் மஞ்சள் துண்டை எடுத்துச் சுழற்ற ஆரம்பித்துவிட்டார். ஓட்டுகிறவன் கண்ணுக்குத் துண்டு எது, கொடி எது? ஓடிப்போய்க் கும்பிட்டேன். "அண்ணே, இதைப் பாத்தா உங்க தல பிரேக் போட்டுருவாருண்ணே." அந்த மனிதர் துண்டைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு, அன்று முழுக்கப் பக்கத்தில் யாரும் மஞ்சளாக எதையும் ஆட்டாமல் காவல் காத்தார். நல்ல மார்ஷலாகியிருக்க வேண்டியவர்.

பைக் பக்கம் நடந்ததுதான் எனக்கு உண்மையான முன்னேற்றமாகப் படுகிறது. கார் எப்போதும் வசதிக்காரர் விளையாட்டுத்தான். பைக்கில் கம்பெனிகளே வண்டி கொடுத்து, ஹெல்மெட்டும் தோலாடையும் கொடுத்துப் பையன்களை ஓட்டவிட்டன. ஆர்வமும் தைரியமும் தவிர வேறெதுவும் இல்லாத பிள்ளைகள் தடத்துக்கு வந்தார்கள். பெண்களுக்குத் தனிப் போட்டி வந்தது. சென்னைப் பையன் சரத் குமார் 2011-ல் உலக சாம்பியன்ஷிப்பின் 125 சி.சி. பிரிவில் ஓட்டினார். இந்தியாவிலிருந்து அந்த வரிசையில் போய் நின்ற முதல் ஆள்.

ஆனால் அந்த வண்டிகளின் எஞ்சினுக்கு சீல் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வண்டி என்றால் யாரும் கைவைக்கக் கூடாது, நியாயம்தான். சிலிண்டர் போல்ட்டில் துளைபோட்டுக் கம்பி கோத்து ஈயம் அடித்திருக்கும். ஒருநாள் சித்தப்பாவை அழைத்துப்போய் பேடாக்கில் காட்டினேன். குந்தி உட்கார்ந்து அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரம் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரலால் ஈயத்தை ஒருமுறை நெருடினார்.

"உள்ள கை வெக்கலன்னா மெக்கானிக் எதுக்கு?"

"கம்ப்யூட்டர்ல பாக்கிறாங்க சித்தப்பா."

"அப்ப பிளக்க கூட பாக்க மாட்டானுங்களா?"

பார்ப்பார்கள் என்றுதான் சொன்னேன். அதன்பின் அவர் இருங்காட்டுக்கோட்டைக்கு வரவில்லை. மார்கழியில் பட்டறைக்குக் கார்கள் வருவது அதற்கு வெகுகாலம் முன்பே நின்றுபோயிருந்தது. 2012-ல் முழங்கால் மடங்காமல் போக, நானும் கொடியைக் கொடுத்துவிட்டேன். தடத்துக்கு இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். பக்கத்தில் கார்ட்டிங் தடமும் போட்டுவிட்டார்கள்.

ரேஸே ஒருநாள் எங்களைத் தேடி வரும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை. தீவுத்திடலைச் சுற்றி, கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று மூன்றரை கிலோமீட்டர் தெருத்தடம் போட்டு இரவுப் போட்டி. இது கிளப்பின் தடமல்ல, அரசும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியதை மிக்ஜாம் புயல் அடித்துப்போட்டது. 2024 ஆகஸ்ட் 31-ம் தேதியும் மழை, தடத்துக்கான சான்றிதழுக்குக் காத்திருப்பு என்று இழுத்துக்கொண்டு போய், கார்கள் தடத்தில் இறங்க ராத்திரியாகிவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். சித்தப்பாவுக்கு எழுபத்தைந்து. அந்தக் கேலரிப் படியெல்லாம் தன்னால் ஏற முடியாது என்றார். மொட்டைமாடிப் படியை மட்டும் ஏறினார்.

புதுப்பேட்டை மொட்டைமாடியிலிருந்து தீவுத்திடல் கண்ணுக்குத் தெரியாது. கிழக்கே வானம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. கூவத்துக் காற்று வழக்கம்போல் தன் வாசனையோடு வீசியது. நான் செல்போனில் நேரலையைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். சத்தம் முதலில் காற்றில் வந்தது, அடுத்தடுத்து, மாடிகளில் மோதிக்கொண்டு. போனில் படம் அரை நிமிஷம் பிந்தி வந்தது. காதுக்கு வந்துபோன வண்டி கண்ணுக்கு இன்னும் வந்துசேராத விசித்திரம்.

சித்தப்பா போனைப் பார்க்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்கிற தினுசில் தலையை ஒருபக்கம் சாய்த்திருந்தார்.

"அதோ, அந்தக் கடசி வண்டி. கியர் ஒண்ணு வுயமாட்டேங்குது. கேட்டியா?"

எனக்குக் கேட்கவில்லை. போனில் அந்தச் சுற்று வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தபோது கேமரா முன்னால் போகிற இரண்டு வண்டிகளின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசி வண்டியைக் காட்டவே இல்லை. வர்ணனைக்காரர்கள் ஆங்கிலத்தில் கூவினார்கள்.

"அத்த நிறுத்துடா," என்றார் சித்தப்பா. "கேக்கவுடாம பண்ணுது."